பூசினாப்ல

மலையில் ஐந்து நாளாக உறைபனி. புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. புழு பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குளிர் தாங்காமல் சிட்டுக்குருவி இறகையெல்லாம் உப்பிக்கொண்டு வேலிக்கம்பியில் உட்கார்ந்திருந்தது.

மாட்டுக்கொட்டகையில் சிந்தும் தவிட்டைத் தின்று வந்த மைனா, சிட்டையும் கூப்பிடலாம் என்று அங்கே வந்தது.

"என்னடி, நல்லா பூசினாப்ல இருக்கே! சாப்பிட்டாச்சா?"

சிட்டு சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது.

"ஆச்சுக்கா. இப்பத்தான் ஆச்சு."

"அப்பச் சரி" என்று மைனா பறந்துவிட்டது.

மறுநாள் காலையில் சிட்டு கம்பிக்குக் கீழே விறைத்துக் கிடந்தது. மைனா அலகால் புரட்டிப் பார்த்தது. காய்ந்த இலை கனம்கூட இல்லை.

"பைத்தியக்காரி! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று திட்டித் திட்டி அழுதது.

பனி விடவில்லை. கொட்டகைக்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு கீழ்நாட்டுக்கு இறங்கிவிட்டார்கள். தவிடும் நின்றது. மூன்றாம் நாள் மைனா அதே கம்பியில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பழம் இருக்கிற மரம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்த கொண்டைக்குருவி அந்த வழியாக வந்தது.

"என்ன மைனாக்கா, பூசினாப்ல இருக்கீங்க! சாப்பிட்டாச்சா?"

மைனா, சிட்டு கிடந்த இடத்தை ஒரு தரம் பார்த்தது.

"இப்பத்தான் ஆச்சு" என்றது.