தொப்பி போட்ட விசரன்

"கடலுக்குச் சாட்டை அடிக்கிற மாப்பிள்ளைக்கு ஆர் தம்பி பொம்பிளை குடுப்பினம்?"

சைக்கிளை மிதித்தபடியே கேட்டார் கலியாணத் தரகர் வீரகத்தி. மாப்பிள்ளை தவராசா, புது வேட்டி செயினில் மாட்டிவிடாமல் தூக்கிப் பிடித்தபடி முன் தண்டில் குந்தியிருந்தான்.

முல்லைத்தீவுத் தபாற்கந்தோரில் அவன் கிளாக்கர். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய தூண்டிலோடு மாற்றலாகி வந்தவன்.

அந்தத் தூண்டிலுக்குப் புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். கொக்கியில் கோழியிறகைக் கட்டி, முழங்காலளவு தண்ணீரில் நின்று, நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி விடவேண்டும். ஏதோ குஞ்சு மீன் ஓடுகிறதென்று நம்பிப் பெரிய பாரை மீன் பாய்ந்து கவ்வும் என்றார் துரை. பெரும்பாலும் மாட்டுப்பட்டது தவராசாவின் காதுதான்.

கரைவலை இழுக்கிற ஊருக்கு இந்த வித்தை விளங்கவில்லை. மாப்பிள்ளைக்கு விசர், மூளை பிசகு என்ற கதை பரவி, பேசி வந்த இரண்டு சம்பந்தமும் குழம்பிப்போயின.

"அண்ணை, நான் கந்தோர் விட்டுப் பின்னேரத்திலதான் போறனான். சனம் சொல்லுற விசரன் விடியப்புறத்தில, தொப்பி போட்டுக்கொண்டு நிக்கிறானாம். என்னட்டைத் தொப்பியே இல்லை."

"ஊருக்கு ஒரு விசரன் போதும். தொப்பியைச் சனமே போட்டுவிட்டிருக்கும். இதுவும் குழம்பினா நான் இனி உமக்குப் பொம்பிளை தேடமாட்டன். தூண்டில் கதை வாயில வரப்படாது!"

தவராசா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே ஒரு தீப்பெட்டி. அதற்குள் ஒரு கொக்கி.

நேற்றுப் பின்னேரம் அவனுக்கு ஒரு பாரை அகப்பட்டது, கன்றுக்குட்டி மாதிரி. அதன் கடைவாயில் ஏற்கெனவே ஓர் இறகுக் கொக்கி அறுந்த நூலோடு குத்தி நின்றது. சேவல் வாலிறகு, சிவப்புப் பட்டுநூல். ஏழு பிறப்பெடுத்தாலும் தவராசாவால் அப்படிக் கட்டமுடியாது.

பாரை இரவே குழம்பாகி, வீரகத்திக்கும் ஒரு கோப்பை போனது. ஆனால் தவராசாவுக்கு மீனைவிட ருசித்தது வேறொன்று: இந்த ஊரில் இன்னொரு விசரனும் இருக்கிறான்!

பெண் வீடு முகத்துவாரத்தின் அருகில் இருந்தது. பெண்ணின் தகப்பன் அப்புத்துரை, முழங்காலில் எண்ணெய்ச் சீலை சுற்றியபடி கதிரையில் இருந்தார்.

"துரைமாருக்குச் சமைச்ச கை தம்பி இது. கடைசித் துரை போகேக்க தன்ர சாமானெல்லாம் எனக்குத்தான் தந்திட்டுப் போனவர்."

அவர் தலைக்கு மேலே, சுவர் ஆணியில் அகலத் தொப்பியொன்று தொங்கியது. அதன் விளிம்பில் உப்புப் பூத்திருந்தது.

தவராசா தொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "ஐயா, விடியப்புறத்தில கடற்கரைப் பக்கம் போறனீங்களோ?"

வீரகத்தி அவன் காலை மிதித்தார்.

"இந்த முழங்காலோடையோ? கிணத்தடிக்குப் போகவே ஆள் பிடிக்கவேணும்." அப்புத்துரை ஏனோ குரலைத் தாழ்த்தினார். "அங்க ஒரு விசரன் திரியிறதாச் சனம் கதைக்குது. தம்பி கண்டனீங்களோ?"

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள் மகள் இராசமலர். தவராசாவுக்கு வியர்த்தது. முகம் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை இழுத்தான், கூடவே தீப்பெட்டியும் வந்து, விழுந்து, திறந்தது. கொக்கி தெறித்துப்போய் இராசமலரின் காலடியில் நின்றது.

"என்ன தம்பி அது?" என்று கேட்டார் அப்புத்துரை.

"பல்லுக் குத்திற சாமான்," என்றார் வீரகத்தி அவசரமாக.

தவராசா எழுந்து நின்றான். இன்றைக்கு மறைத்தால் ஆயுள் முழுக்கத் தூண்டிலை ஒளித்துவைக்க வேண்டுமே!

"அந்த விசரன் நான்தான் ஐயா. தொப்பி மட்டுந்தான் இல்லை. இந்தக் கொக்கி ஆர் கட்டினதெண்டு தெரியாது. ஒரு பாரையின்ர வாயில கிடந்தது. பாரை குழம்பாப் போயிட்டுது."

வீரகத்தி பெருமூச்சோடு குடையை எடுத்தார். அப்புத்துரையின் பார்வை மாப்பிள்ளையில் இல்லை, மகளில் இருந்தது.

இராசமலர் தட்டத்தை வைத்துவிட்டுக் குனிந்து கொக்கியை எடுத்தாள். சிவப்பு முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள்:

"என்ர பாரையைக் குழம்பு வைச்சுப்போட்டியளோ?"