பூசைக்கு முன் காப்பி

விடியும் முன்பே சவரியம்மாள் காப்பித்தூள் டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள்.

இன்றைக்கு அந்த மனுஷன் என்ன செய்கிறான், பார்த்துவிடலாம்.

பூசைக்கு முன்னால் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. பட்டால் அன்றைக்குச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க முடியாது. ஞானோபதேசம் படிக்கும் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அவள் புருஷன் இன்னாசி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன், அல்ஜீரியாவில் சண்டை ஓய்ந்து செஞ்சிக்குத் திரும்பிய நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் காப்பியைக் குடித்து வைக்கிறான். அப்புறம் மறந்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறான்.

மறதியாம் மறதி! சாவான பாவத்தோடு நன்மை வாங்கப் பயம். அதைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் வாய் வரவில்லை. ஊர் கேட்டால் சொல்லக் காப்பி ஒரு சாக்கு. இந்தத் தந்திரம் அவளுக்குத் தெரியாதா என்ன?

அல்ஜீரியாவில் எவளோ இருந்திருக்கிறாள். அது மட்டும் நிச்சயமாகிவிட்டால் போதும், அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

தூள் தீர்ந்துவிட்டது என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். வழியில் டீக்கடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முக்காட்டின் ஓரமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்மைக்குச் சனம் எழுந்தது. இன்னாசியும் எழுந்து, கைகூப்பி வரிசையில் நின்றான்.

அப்படியானால் இவன் சுத்தம்தானா?

பக்கத்து வீட்டுக்காரி, வரவில்லையா என்று முழங்கையால் இடித்தாள்.

"காலையில மறந்தாப்பல வெல்லம் வாயில போட்டுட்டேன்க்கா."

இன்னாசி ஊர் திரும்புவதற்கு முன்பிருந்தே, ஞாயிறு தவறாமல் அவள் வாயில் போட்டுக்கொள்ளும் வெல்லம். அனந்தபுரத்துத் துரைக்கண்ணுவின் பெயரைச் சாமியார் காதில் போட அவளுக்கு நா எழவில்லை. சாமியாருக்கு அவள் குரல் தெரியும்.

வரிசையில் நின்ற இன்னாசி திரும்பிப் பார்த்தான். அவள் உட்கார்ந்தே இருந்தாள். அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பொட்டுக்கடலையை எடுத்து வாயில் போட்டு, நாலு பேர் பார்க்க மென்றபடி தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்தான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"காப்பித்தூள நீ ஒளிச்சதும், இன்னிக்கு நீயும் நன்மைக்கு வருவேன்னு நெனச்சேன் சவரி. வரல. ஒன்ன ஒண்டியா உக்கார வெக்க மனசு வரல."