மின்மினியின் மானம்

கல்யாணங்களில் படமெடுக்கும் ஞானதுரையின் கேமராவில் மெமரி கார்டுக்கு இரண்டு அறைகள்; எடுக்கும் படம் இரண்டிலும் பதியும். ஒன்றில் பழைய 'மின்மினி' கார்டு நெடுங்காலமாகக் குடியிருந்தது. அடுத்த அறைக்கு ஒருநாள் புது 'மின்மினி' வந்து சேர்ந்தது.

"வணக்கம் அண்ணே! நாம ரெண்டு பேரும் ஒரே கம்பெனி."

"கம்பெனி கைமாறிக் கைமாறி இப்போ நாலாவது முதலாளியாமே. உன்னை எங்கே செஞ்சாங்க தம்பி?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பெயரைப் பாருங்க, தங்க எழுத்து!"

பழசு யோசித்தது. இவன் சொதப்பினால் தன் பெயரும் அல்லவா கெடும்? அன்றைய கல்யாணத்தில் முகூர்த்தம் முழுக்க ஒரு படத்தையும் நழுவவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது.

மறுநாள் கம்ப்யூட்டர் புதுசை விசாரித்தது. "தாலி கட்டினது எங்கேப்பா?"

"கட்டினாங்களா? எனக்குப் பந்தியில அப்பளம் நொறுக்கினதுதான் ஞாபகம்."

பழசு எல்லாவற்றையும் ஒப்பித்தது. ஞானதுரைக்குப் போன உயிர் திரும்பியது.

"மின்மினின்னா மின்மினிதான்!" என்று பழசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், உடனே கடைக்குப் போன் செய்து அதே பெயரில் இன்னும் ஒரு டஜன் அனுப்பச் சொன்னார்.

"பார்த்தீங்களா அண்ணே," என்றது புதுசு, "நமக்கு எவ்வளவு மரியாதை!"