காது வருது

சலூனில் மின்விசிறியையும் ரேடியோவையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாற்காலியில் இருக்கும் தம்பிக்கு முப்பது வயது. இரைச்சலும் ஆகாது, சொல்லாமல் தொடுவதும் ஆகாது. இதற்கு முன் மூன்று கடைகளிலிருந்து பாதி வெட்டிய தலையோடு ஓடி வந்தவன். முடிவெட்டுபவர் மெஷினைத் தொடுவதே இல்லை. "பின்கழுத்து வருது," என்கிறார். "இப்ப காது வருது." சீப்பின் பற்களை விரலால் மீட்டியபடி அவன் "வரட்டும்" என்ற பிறகே கத்தரி வாயைத் திறக்கிறது. பெஞ்சில் அவனுடைய அக்கா மூச்சை மெல்ல விடுகிறாள். பக்கத்தில் மீசைக்காரர் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே காத்திருக்கிறார். முழுத் தலையும் முடிந்து தம்பி எழ, மீசைக்காரர் அமர்கிறார், விசிறி சுழல்கிறது. முடிவெட்டுபவர் பழக்க தோஷத்தில், "காது வருதுங்க," என்கிறார். மீசைக்காரர் கண்ணாடியில் திருதிருவென விழிக்கிறார். வாசலில் செருப்பு மாட்டும் தம்பி திரும்பாமலே சொல்கிறான்: "வரட்டும்னு சொல்லுங்க சார். அப்பதான் வெட்டுவாரு."