இரண்டு பெண் சிட்டுகள்

"பிரபாலினி, உங்கள் தட்டில் இருப்பவை என்னென்ன?"

சுபானிக்குச் சுர்ரென்று ஏறியது. பேராசிரியர் வெஸ்ட்காம்ப் நேராக அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான் சுபானி" என்றாள், பல்லைக் கடித்தபடி மெதுவாக.

காது கேட்காதவர் போல, "சொல்லுங்கள்" என்றார்.

தட்டில் பஞ்சடைத்த இரண்டு ஓசனிச்சிட்டுகள், பறந்தபடியே தேன் குடிக்கும் குட்டிப் பறவைகள். கட்டைவிரல் அளவுதான். இரண்டும் பெண். ஆண் என்றால் தொண்டை நிறமே காட்டிக்கொடுத்துவிடும். பெண்களில் இரண்டு இனத்துக்கும் ஒரே பச்சை முதுகு, ஒரே சாம்பல் வயிறு. சிறகின் கடைசி இறகைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

"இதற்கு இறகு நுனி ஒடுங்கிக் கூராக இருக்கிறது. செந்தொண்டைச் சிட்டு. மற்றதற்கு அகன்று மழுங்கியிருக்கிறது. கருந்தாடைச் சிட்டு."

"மிகச் சரி. நன்றி, பிரபாலினி!"

வகுப்புக்கே கேட்டது. கடைசி மேசையில் உதவியாளர் பீலிக்ஸ் மடிக்கணினியில் எதையோ தட்டினார்.

சற்று முன்னர்தான் இதே மனிதர் வேறொரு தட்டைக் காட்டி அவளைச் சுபானி என்று கூப்பிட்டிருந்தார். போன கிழமையும் இதே கூத்து. வகுப்பில் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர். சுபானிக்குக் கண்ணாடி, காதளவு வெட்டிய முடி. பிரபாலினிக்கு இடுப்பு வரை பின்னல், உயரமும் ஒரு சாண் குறைவு. இதில் எங்கே வந்தது குழப்பம்?

இடைவேளையில் போனை எடுத்தாள்.

"பிரபா, அந்தாளுக்கு இண்டைக்குக் குடுக்கிறன் பார்!"

"ஐயோ, கத்தாதையடி. அப்பா இப்பதான் நித்திரை."

பிரபாலினி கெல்சென்கிர்ச்சன் நகர ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பா விஜயரத்தினத்துக்குப் பாரிசவாதம். வலக்கையோடு பேச்சும் போய்விட்டது. தாதிமார் கேட்பதற்கெல்லாம் மகள்தான் அவருக்கு வாய்.

"நீ ஒருநாள் வந்து எனக்குப் பக்கத்தில நில். வித்தியாசம் தெரியுதோ எண்டு கேப்பம்."

"எப்பிடியடி வாறது? கையை விடுறாரில்லை. இன்னும் ஒரு வகுப்புக்கு வராட்டி என்ர பேரை வெட்டிப்போடுவினம். திரும்ப முதலிலயிருந்து படிக்கோணும்."

"அந்தாளிட்டச் சொன்னனியோ?"

"சொன்னனான். எனக்கு வருத்தம் எண்டாத்தான் லீவாம். அப்பாவுக்கெண்டா ஏலாதாம். சட்டத்தை மாத்தத் தனக்கு அதிகாரமில்லை எண்டவர். பாவம், முகம் வாடிப்போய்த்தான் சொன்னவர்."

"பாவமோ? நீ ஆரெண்டே தெரியாத ஆளுக்கு ஏனடி முகம் வாடுது!"

"சுபா, சும்மா சண்டை பிடிக்காதை."

"சும்மா இல்லை. காரணத்தோடதான் பிடிக்கப்போறன்."

வகுப்பு முடிந்து எல்லாரும் வெளியேறினார்கள். பீலிக்ஸும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சுபானி நேரே போய்ப் பேராசிரியரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"செத்த சிட்டின் இறகு நுனியைப் பார்த்து இனம் சொல்கிறீர்கள். உயிரோடு நடமாடும் இரண்டு பெண்களைப் பிரித்தறிய உங்களால் முடியவில்லையா? கறுப்புத் தோல் என்றால் எல்லாரும் ஒருவர்தானா? ஒரு தடவை என்றால் மறதி. கிழமைக்குக் கிழமை என்றால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. நான் முறைப்பாடு கொடுக்கப்போகிறேன்!"

அவள் மூச்சு வாங்கியபோது வெஸ்ட்காம்ப் எழுந்து போய்க் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பீலிக்ஸின் காலடிச் சத்தம் படிகளில் இறங்கி ஓய்ந்தது. கதவைச் சாத்தினார்.

"பிரபாலினியின் அப்பா இப்போது ஏதாவது பேசுகிறாரா, சுபானி?"



"உங்களுக்கு... என்னை..."

"முறைப்பாடு கொடுங்கள். நீங்கள் கேட்டது நியாயம்தான். இந்தத் தவணை முடிந்த பிறகு கொடுத்தால் நல்லது" என்றார், சிட்டுகளின் தட்டை மூடியபடி. "கேள்விக்குப் பதில் சொன்னவரின் பெயருக்கு வருகை பதிவது பீலிக்ஸ். உங்கள் இருவரையும் பிரித்தறிய அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை."