வாய்விட்டுச் சொல்லாத எடை

பல்கலைக்கழக ஆய்வுக்காக ஜெசிந்தா மாதாமாதம் வந்து இசக்கியம்மாளின் குழந்தையை எடைபோட்டாள். பிறந்த வாரத்தில், முதல் தடவை, ஒன்றே முக்கால் கிலோ. "எடையை வாய்விட்டுச் சொல்லிராதீயக்கா, கண்ணுபட்டுரும்," என்றாள் இசக்கியம்மாள். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளைமேல் யார் கண் படப்போகிறது என்று நினைத்தாலும், பதினெட்டு மாதமும் ஜெசிந்தா வாய் திறக்காமல் எழுதித்தான் காட்டினாள். ஆய்வின் கடைசி நாளில் பிள்ளை தராசிலிருந்து தானே இறங்கித் தெருவுக்கு ஓடியது. இசக்கியம்மாள் மை டப்பாவைத் திறந்து, பிள்ளைக்கு வைக்காமல் தராசின் ஓரத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். "இன்னும் எத்தன பிள்ளைக இதுல ஏறணும்." விரலில் மிச்சமிருந்த மையோடு ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா குனிந்து கன்னத்தைக் காட்டினாள்.