9.10, திறந்தாச்சு

வாடை வந்து சேர இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தபோதே, காலையிலேயே, அப்பா வீட்டின் ஐந்து குழாய்களையும் திறந்துவிட்டார்.

பென்சில் முனை அளவுக்கு, நூல்போல ஓடினால் போதும். ஓடுகிற தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் உறையாது. டெக்சஸின் தெற்கில் இருக்கும் எங்கள் கொட்டுல்லாவில் வீடுகள் எல்லாம் வெயிலுக்காகக் கட்டியவை. கடுங்குளிர் வருகிறது என்றால் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் படுக்கப் போகும்போது.

"இப்பவேயாப்பா?" என்றேன்.

"அப்புறம் மறந்துட்டா, நெல்டா?"

ஒவ்வொரு குழாய்க்கு மேலும் பெயிண்டர்கள் ஒட்டும் காகித நாடாவைக் கிழித்து ஒட்டி நேரத்தை எழுதினார். பின்பக்கத்துத் துவைக்கும் அறையில் சுவர் சொரசொரப்பு. அங்கே மட்டும் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினார். '9.10, திறந்தாச்சு.'

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அணைக்காமல் தேவாலயத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணன் ரொலாந்தோ சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டை விற்றுவிட்டு அப்பாவை சான் அந்தோனியோவுக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அப்பாவும் தலையாட்டியிருந்தார்.

அதனால் இந்தக் குளிருக்கு அவர் பரீட்சைக்குப் படிக்கிறவர்போலத் தயாரானார்.

தரைக்கடியில் காற்று புகும் துளைகளை அட்டை வைத்து அடைத்தார். வெளிக்குழாய்க்குத் தன் கம்பளிக் காலுறையை மாட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினார். "என்னைவிட இதுக்குத்தான் நல்ல சாக்ஸ்," என்றார். குளியல் தொட்டியை நிரப்பினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தார், அறையின் சூடு குழாய்க்கும் போகட்டும் என்று.

மூன்று மணிக்கு எனக்கு வீடியோவில் நேர்காணல். சான் அந்தோனியோவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்து வேலை. ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. அது தெரிந்து அப்பா வெளியே போய் எலுமிச்சை மரத்துக்குப் போர்வை சுற்றிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

தண்ணீர் உறைந்தால் எவ்வளவு விரியும் என்று கேட்டார்கள். ஒன்பது சதவீதம் என்றேன்.

மாலையில் அப்பா ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து நாடாக்களை வாசித்தார். ஐந்திலும் திறந்தாச்சு.

இரண்டு நாள், உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி. மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் துவைக்கும் அறைச் சுவருக்குள் மழை பெய்கிற சத்தம் கேட்டது. அப்பா தெருவுக்கு ஓடி மீட்டர் மூடியைத் தூக்கித் தண்ணீரை நிறுத்துவதற்குள் சுவர் உப்பி, நடைவழிப் பலகையெல்லாம் ஊறிவிட்டது.

மதியம் ரொலாந்தோ வந்தான். நேராகப் போய்த் துவைக்கும் அறைக் குழாயைத் தொட்டுப் பார்த்தான்.

"நல்லா இறுக்கி மூடியிருக்குப்பா."

"தொறந்தேனேடா." அப்பா கதவைக் காட்டினார். "எழுதியிருக்கேனே."

"எழுதினீங்க. எழுதி ஒட்டிட்டா குழாய் தானா தொறந்துக்குமா? வண்டி ஓட்டறப்பவும் பிரேக் போட்டாச்சுன்னு எழுதி ஒட்டிப்பீங்களா?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். பிறகு அந்த நாடாவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். வேறு யாரோ எழுதியதை வாசிக்கிறவர்போல.

"அப்ப எழுதிட்டு, தொறக்க மறந்திருக்கேன்," என்றார் மெதுவாக. "அப்படித்தான் இருக்கும்."

ரொலாந்தோ நாடாவை உரித்து உருட்டினான். அவன் குரல் தணிந்தது. "சனிக்கிழமை டிரக் கொண்டு வரேன்ப்பா. நெல்டாவுக்கும் நிம்மதி. அவளும் அங்கதானே வரப் போறா."

உண்மைதான். வேலை எனக்கு என்று அன்று காலையில்தான் மின்னஞ்சல் வந்திருந்தது. அப்பா அண்ணனோடு போய்விட்டால், அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போனவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. சுவர் உப்பத் தொடங்கியதிலிருந்து இதை மூன்று தடவை நினைத்துப் பார்த்திருந்தேன்.

அப்பா சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வாசல் சாவியை வளையத்திலிருந்து கழற்ற அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

"இந்தா," என்று அண்ணனிடம் நீட்டினார். "எங்க வெச்சேன்னு மறக்கறதுக்குள்ள வாங்கிக்க."

ரொலாந்தோ கையை நீட்டினான்.

"அப்பா மறக்கல," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். நான் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு இந்த ரூம்லதான் உக்காந்திருந்தேன். வாஷிங் மெஷின் மேல லேப்டாப்ப வெச்சு. பின்னாடி என்னமோ ஒழுகுதேன்னு இன்டர்வியூ எடுத்த அம்மா கேட்டாங்க. வெக்கமா போச்சு. நான்தான் எழுந்து மூடினேன்."